பாத்துடலாங்க

வலங்கைமானில் கடைத்தெரு முடிந்து குடமுருட்டி ஆற்றுப் பக்கம் இறங்கும் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கும் உரக் கடைக்கும் நடுவில் அவருடைய கடை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. ஷட்டரில் வெள்ளைப் பெயின்டால் ‘கம்ப்யூட்டர், மானிட்டர், டிவி, யுபிஎஸ், மிக்’ என்று எழுதியிருக்கும். அதற்குமேல் இடமில்லை. மிக்சியும் பார்ப்பார் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். எதைக் கொண்டுபோனாலும் பார்ப்பார். கொண்டுபோனதும் அவர் சொல்வது ஒரே சொல்: “பாத்துடலாங்க.”

பொருளைப் பார்ப்பதற்கு முன் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு காலை ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் வைத்து நின்றபடி, நோயாளியின் நாடியைப் பிடிப்பவர்போல முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் வாடிவிடக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த பயத்தை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்தவர் என்னைக் கண்டால் விடமாட்டார். “என்ன சார், ஆயுள் தண்டனைக் கடைக்கா? உள்ள போன பொருளு விடுதலையாகி நீங்க பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், சரிசெய்ய முடிந்த பொருள் அன்றைக்கே திரும்பிப் போய்விடும். வேலை சுத்தமாகவும் இருக்கும். சரிசெய்ய முடியாத பொருள்தான் திரும்பாது. அதை முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அது அவரால் ஆகாது. அலமாரியின் மேல்தட்டில் அப்படிப்பட்டவை தூசி படிந்து கிடந்தன. சொந்தக்காரர்கள் வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். “ஆச்சா?” “பாத்துடலாங்க.” சிலர் அலுத்துப்போய் வராமல் நின்றுவிடுவார்கள். அப்படி நின்றுபோனால் அவருக்கு நிம்மதி.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாளின் மிக்சி அங்கே ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்தது. மோட்டார் கருகிவிட்டது என்று இவருக்கு முதல் நாளே தெரியும். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, அந்த அம்மாளும் வந்து நிற்பதைக் கண்டு பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: “அக்கா, அது எரிஞ்சுபோயி எத்தனையோ மாசமாச்சு. இவரு சொல்ல மாட்டாரு. நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க.” அந்த அம்மாள் கத்திவிட்டுப் போகும்வரை இவர் மேசைக்கு அடியில் குனிந்து, கீழே விழாத ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு பாக்க வந்தப்பவே நான் கவனிச்சிருக்கணும் சார்,” என்றார் அந்த மனைவி என்னிடம். “எங்கப்பா வீட்டோட இருந்துடுங்க மாப்பிள்ளைன்னாரு. ஆகட்டும் மாமான்னாரு. அவங்கம்மா, மருமவ எங்கூடத்தான் இருக்கணும்னாங்க. அதுக்கும் ஆகட்டும். தாலி கட்டி முடிச்சுட்டு, எந்த வேன்ல ஏறுறதுன்னு தெரியாம மண்டபத்து வாசல்ல நின்னோம்.”

மேசைக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் அவரிடம் போகத் தொடங்கியது என் மானிட்டரால். தட்டை மானிட்டர்கள் ஊருக்குள் பரவி, ஐந்தாறு ஆண்டுகள் உழைத்து, வரிசையாக நோயில் விழுந்த காலம் அது. நோய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டதும் படம் கண் சிமிட்டும் நேரம் வந்து மறையும். பிறகு இருட்டு. முன்விளக்கு மட்டும் எரியும். அவர் பின்மூடியைக் கழற்றி, மின்சாரம் பிரியும் பலகையை வெளியே எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனியளவு உருளைகள் நின்றன. கண்டென்சர்கள். மற்றவற்றின் தலை தட்டையாக இருக்க, இரண்டின் தலை மட்டும் எண்ணெயில் போட்ட பூரிபோல உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

“இந்த ரெண்டும்தாங்க. சூடு தாங்காம வீங்கிடுச்சு. பக்கத்துல இருக்கிறதையும் சேத்து மாத்திடறேன். இன்னிக்கு நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும், சேந்தாப்புல சூட்டுல வெந்தது.”

பலகையைத் திருப்பி, ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, பழையதைப் பிடுங்கி, புதியதன் கோடு போட்ட பக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துச் செருகினார். தலைகீழாக வைத்தால் வெடிக்கும் என்றார். மூடியைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டதும் படம் வந்து நின்றது. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் விழுந்த முகத்தை. கண்டென்சர் வேலை வந்தால் அவருக்குத் தனி உற்சாகம் வரும். ‘பாத்துடலாங்க’ என்று சொன்ன அரை மணிக்குள் அந்தச் சொல் உண்மையாகிவிடும் வேலை அது ஒன்றுதான்.

அந்தப் பெரியவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. என் குறிப்பில் ஆடி முதல் வாரம் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஆற்றில் அப்போது தண்ணீர் வந்திருக்கவில்லை என்பது நன்றாக நினைவிருப்பதால், ஆனிக் கடைசி என்பதே சரியாக இருக்க வேண்டும். போர்வையில் சுற்றி மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வந்த மானிட்டரை, குழந்தையை இறக்குவதுபோல மேசைமேல் இறக்கினார். அறுபது வயதிருக்கும். கிழக்கே உள்ள ஒரு கிராமத்தில் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாகப் பயிர் செய்பவர்.

“தம்பி, எங்க பையன் கம்ப்யூட்டரு இது. படம் வந்து வந்து போச்சு. இப்பச் சுத்தமா இருட்டு.”

“பாத்துடலாங்க. கண்டென்சராத்தான் இருக்கும், சின்ன வேலை. பையன் என்ன பண்றாரு?”

“இல்ல தம்பி. சித்திரையில போயிட்டான். பைபாஸ்ல, பைக்குல வந்தப்ப.” அவர் போர்வையை மடித்தார். “போனு அன்னிக்கே நொறுங்கிப்போச்சு. அவன் போட்டோவெல்லாம் இதுலதான் இருக்கு. எங்க அண்ணன் மவ, எதை அமுக்கினா ஒண்ணொண்ணா வரும்னு காட்டிக்குடுத்துட்டுப் போனா. வெளக்கு வெச்சதும் நானும் அவங்கம்மாவும் எதுக்க ஒக்காந்துக்குவோம். வரிசையா வருவான்.”

பின்மூடியின் திருகுகளை இவர் கழற்றத் தொடங்கியிருந்தார்.

“இது கெட்டதுக்குக் காரணம் கீழ இருந்த ஸ்டெபிலைசருதான் தம்பி. இது இருண்டு கெடக்கு, அது மட்டும் உர்ருன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் கரண்ட்டைத் தாறுமாறா வுட்டு இதை அடிச்சிருச்சு. தூக்கி இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டேன் முந்தாநாளு. நல்ல ஸ்டெபிலைசரா ஒண்ணு நீங்களே பாத்துக் குடுத்துடுங்க.”

திருப்புளி நின்றது.

எங்கள் பக்கத்தில் டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கீழே ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி இருக்கும். பம்புசெட்டுகள் ஓடும் மாதங்களில் மின்சாரம் இறங்கி ஏறும் என்பதால் அது இல்லாத வீடு குறைவு. டிவியிலிருந்து ஒயர் அந்தப் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும். அந்தக் கண்ணோடு பார்த்தால், மேலே படம் காட்டும் மானிட்டர்தான் கம்ப்யூட்டர். கீழே இரைந்துகொண்டிருக்கும் தகரப் பெட்டி ஸ்டெபிலைசர். படம் போன பிறகும் பெட்டி இரைந்தால், குற்றவாளி அதுதான். பெரியவர் யோசிக்காமல் செய்யவில்லை. நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார். நோயுற்றதைப் பத்திரமாகப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டு, பையனின் அத்தனை படங்களும் இருந்த, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்.

இவர் நெற்றிக் கண்ணாடியோடு நிமிர்ந்து பெரியவரின் முகத்தைப் பார்த்தார். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

“பாத்துடலாங்க ஐயா,” என்றார்.

மொபெட் சாலையைத் திரும்பிய பிறகு, “அதுலதானே எல்லாம் இருந்திருக்கும்?” என்று கேட்டேன்.

“மொகத்தைப் பாத்தீங்கள்ல சார்? உங்க கையாலயே தூக்கிப் போட்டுட்டீங்கன்னு எப்படிச் சொல்றது? இரும்புக் கடையெல்லாம் எனக்குத் தெரியும். நானே தேடிப் புடிச்சு, டிஸ்க்கைக் கழட்டி, வேற பெட்டியில போட்டு, படத்தோட குடுத்துடறேன். அவருக்குத் தெரியவே வேணாம்.”

“எந்த இரும்புக்காரன்னாவது கேட்டிருக்கலாம்.”

“கேட்டா ஏன்னு கேப்பாரு சார்.”

மானிட்டரை அன்றைக்கே சரிசெய்துவிட்டார். உப்பிய இரண்டோடு பக்கத்தில் இருந்தவற்றையும் மாற்றினார். மறுநாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு அலைந்தார். பாபநாசம், கும்பகோணம், நீடாமங்கலம் என்று இரும்புக் கடை இருந்த ஊர் எல்லாவற்றுக்கும் போனார். குவிந்து கிடந்த தகரங்களுக்குள் கையை விட்டுக் கிளறி, உள்ளங்கையில் நீளமாக ஒரு கீறலோடு வந்தார். அந்தப் பெட்டியை வாங்கியவனைக் கண்டுபிடிக்க இரண்டாவது வாரம் ஆகிவிட்டது. அவன் எந்தக் கடைக்காரனும் இல்லை. சைக்கிளில் போய் வாங்கும் ஆள். பெரியவரின் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருந்தான். சேர்ந்ததைச் சனிக்கிழமைதோறும் தஞ்சாவூர் லாரியில் ஏற்றிவிடுவான். லாரி போன இடத்தில் பெட்டியை உடைத்து, தகரம் தனி, பலகை தனி, டிஸ்க் தனி என்று பிரித்து எங்கெங்கோ அனுப்பியாகிவிட்டது.

“இப்பச் சொல்லிடுங்க,” என்றேன்.

“சொல்லத்தான் வேணும்,” என்றார். கீறலை ஊதிக்கொண்டிருந்தார்.

பெரியவர் வியாழக்கிழமைதோறும் வந்தார். வந்ததும் மானிட்டரைப் போட்டுக் காட்டச் சொல்வார். திரையில் நீல வெளிச்சம் வரும். அதற்குள் ஒரு சின்னக் கட்டத்தில் ‘நோ சிக்னல்’ என்ற ஆங்கில எழுத்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக மிதந்து போகும்.

“வெளிச்சம் நல்லா வந்துருச்சே. இது என்ன தம்பி எழுத்து?”

“படம் இன்னும் வந்து சேரலைங்குது ஐயா.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. பெரியவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அந்தக் கட்டம் நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். முகத்தில் வாட்டம் இருக்காது. வந்ததைவிடத் தெளிவாகத்தான் திரும்புவார். அது இவருக்குப் போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அந்த முகத்தைக் காப்பாற்றி அனுப்பிவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடாமல் நிற்பார். ஓரிருமுறை வியாழக்கிழமைகளில் கடையே திறக்கவில்லை.

வேறு வழிகளையும் தேடாமல் இல்லை. பையனுக்கு முகநூலில் ஒரு கணக்கு இருந்தது. திறந்து பார்த்தார். முகப்புப் படத்தில் ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயும் அந்த நடிகர்தான், அப்புறம் யாரோ ஒருவரின் புது பைக். அவர்கள் வீட்டில் இருந்த ஆல்பங்கள் முன்பு ஒரு பெருமழையில் தண்ணீர் புகுந்தபோது ஒட்டிக்கொண்டு போய்விட்டன. காதுகுத்துக்கு மொட்டையடித்து அழுத படம் ஒன்றும் கல்லூரி அடையாள அட்டையும்தான் மிச்சம்.

தை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பெரியவர் கடைக்குச் சிரித்தபடி வந்தார். பையனின் கூட்டாளி ஒருவன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வாரம் லீவில் வந்துபோனானாம்.

“அவன் போன்ல நம்மப் பையன் படம் நெறையக் கெடந்துச்சு தம்பி. எல்லாம் பழைய படம். ‘போனை மாத்தப் போறேன் மாமா, அதுக்குள்ள கும்பகோணம் போயிப் பிரிண்டு போட்டாந்து தரேன்’னான். நாந்தான் எதுக்குப்பா அலையுறேன்னு தடுத்துட்டேன். கம்ப்யூட்டர்லயே அத்தனையும் இருக்கு, வலங்கைமான்ல குடுத்திருக்கேன், வந்துரும்னேன். நீங்களும் இத்தனை நாளா மெனக்கெடுறீங்க, உங்களை நம்பாத மாதிரி ஆயிரும் பாருங்க.”

சூடான சால்டரிங் அயர்ன் இவர் கையில் இருந்தது. அதைத் தாங்கியில் வைக்காமல் மேசைமேலேயே வைத்துவிட்டார். மேசை கருகும் வாடை வந்த பிறகுதான் எடுத்தார். “அந்தத் தம்பி நம்பர் இருக்குங்களா ஐயா?” என்று கேட்டார். பெரியவர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார். நம்பர் வந்து, பேசிப் பார்த்தபோது, அந்தப் பையன் பழைய போனை அங்கேயே ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியிருந்தான். “மாமா வேணாம்னாருண்ணே,” என்றான்.

அன்று இவருடைய மனைவி கடைக்கு வந்திருந்தார். “இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்.”

“இதை நீ சொல்லக் கூடாது,” என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆனாலும் சொல்லவில்லை. மாசி போயிற்று. பங்குனியும் போயிற்று. சித்திரை பிறந்து சில நாட்களில் பெரியவர் ஒரு தேவையோடு வந்தார்.

“தம்பி, வர்ற புதன்கெழமை திதி. ரோட்டு மொனையில பிளெக்ஸ் வெக்கணும்னு பசங்க சொல்றானுவோ. எல்லாப் படமும் வேணாம், அது மெதுவா வரட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னிக்கு எடுத்துக் குடுத்துடுங்க. மஞ்ச சட்டை போட்டு வாய்க்கா மதகுல ஒக்காந்திருப்பான், அது கெடச்சா நல்லது. இல்லாட்டி எதுன்னாலும் சரி.”

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த முறை பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“இதுல இல்லைங்க ஐயா. இதுல வெளிச்சம் மட்டுந்தான் வரும். படமெல்லாம் கீழ இருந்த பெட்டியில இருந்துச்சு. அது ஸ்டெபிலைசர் இல்லைங்க.”

வெளியே ஒரு நெல் லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு பெரியவர், “அந்த உர்ருன்னு கத்துனதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க வந்த அன்னிக்கே.”

“அது வியாழக்கெழமை,” என்றார் பெரியவர். சத்தம் போடவில்லை. கணக்குப் பார்ப்பவர்போலச் சொன்னார். “அந்த இரும்புக்காரன் நம்ம பக்கத்துத் தெருதான். சனிக்கெழமதான் லோடு ஏத்துவான். மொபெட்டு இருந்துச்சு. போயித் தூக்கியாந்திருப்பேன்.” பிறகு, “கேட்டிருக்கலாமே தம்பி,” என்றார்.

மானிட்டரை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். வாசல்வரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து இருவரையும் பார்த்து, “புதன்கெழம வந்துடுங்க,” என்றார். கோபத்தில் அழைக்காமல் விட்டால் தப்பு என்று நினைக்கிற மனிதர்.

“நீங்களும் வாங்க சார். தனியாப் போவ முடியாது,” என்றார் இவர். போனோம்.

ஊருக்குள் திரும்பும் முனையில் பிளெக்ஸ் நின்றது. ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை எடுத்து ஆள் உயரத்துக்கு இழுத்திருந்தார்கள். அட்டையில் கன்னத்தின்மேல் கல்லூரி முத்திரை விழுந்திருந்ததால், பிளெக்ஸ் கடைக்காரர் அந்த மையை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு கன்னத்தை வைத்திருந்தார். மூக்கின் ஒரு பக்கமும் அதோடு மாறியிருந்தது. கண்கள் சாயம் அப்பியதுபோல இருந்தன. பின்னால் அருவியும் இரண்டு வெள்ளைப் புறாக்களும்.

அதன் எதிரே பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். சுற்றி ஐந்தாறு உறவுக்காரப் பெண்கள்.

“மூக்கு இப்படியா இருக்கும் அவனுக்கு? இது யாரோ மாதிரில்ல இருக்கு.”

“அதெல்லாம் அவந்தான்டி. அச்சா அப்படியே இருக்கான்.”

“சிரிச்சாப்புலயே இருக்கு பாரு சின்னம்மா. வா, எலை போட்டாச்சு.”

அவர் நகரவில்லை. எங்கள் மொபெட் நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினார். இவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வெளியூர் ஆள், உறவு இல்லை, அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

“தம்பி, நீங்க சொல்லுங்க. இந்தப் படம் நல்லாவா இருக்கு?”

அத்தனை பெண்களும் இவரைப் பார்த்தார்கள். நல்லா இருக்கு என்று சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள் ஒருத்தி. இவர் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லால்லைங்கம்மா,” என்றார்.

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“அதைத்தான் காலையிலேருந்து நானும் சொல்றேன். யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க.”